மடித்த இலை

குடித்த பாயசம் அத்தனையும் அப்பாசாமியின் இலைக்கே திரும்பி வந்து கிடக்கிறது. காஜா பேராங் ஊரின் கல்யாணப் பந்தலில், மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகளே தோரணமாகிவிட்டன. அவற்றின் சிவப்பும் மஞ்சளும் அவர் கைமேல் ஆடுகின்றன. திருப்தியாக உண்டவரைப் போல இலையைத் தன் பக்கமாக மடித்து அவசரமாக மூடுகிறார். புண் வந்த வயிற்றில் பாதியை வெட்டியெடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. டாக்டர் பால் மட்டும் குடி என்றார். புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசர் பாலே ஆகாது என்றார். இருவர் மனமும் நோகாத ஒரே பண்டம் பாயசம் என்று அப்பாசாமி தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மோர் வாளியோடு வந்த மச்சான் தம்பிராஜா இலையைப் பார்த்து வாய் பிளக்கிறான். "அதுக்குள்ள மடிச்சிட்டீங்களா மாமா? ஒத்த ஆளா பானையையே கவுப்பீங்களே! வயிறு நெறஞ்சிச்சா?" பந்தியே சிரிக்கிறது, அப்பாசாமியும் சேர்ந்து சிரிக்கிறார். மடிப்பின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வேட்டியை நோக்கி வழிகிறது. மனைவி கமலவேணி பின்னாலிருந்து குனிந்து அதைத் துண்டால் ஒற்றியெடுக்கிறாள். "பழையபடி எப்பதான் சாப்பிடலாம், கமலா?" நிமிராமலே கேட்கிறார். "முடியாதுங்க," என்கிறாள் அவள். "இனி எப்பவுமே முடியாது."