கடைசி வரிசைச் சிரிப்பு

"கெக்கெக்கே!" என்று ஒரு சிரிப்பு அரங்கத்து இருட்டைக் கிழித்தது. கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்ற நாடகாசிரியர் லயனல் பெர்க் திடுக்கிட்டார். ஹாலிவுட் கைவிட்ட பிறகு அவர் எழுதிய நகைச்சுவை நாடகம் இது. இதுவும் படுத்துவிட்டால் நியூயார்க்கில் அவரைச் சீந்த ஆளிருக்காது. அதுவரை இருமல் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில், அந்தச் சிரிப்பு முன்வரிசைவரை தொற்றிக்கொண்டு போனது. முப்பது வருஷத்துக்கு முன் அவருடைய முதல் நாடகத்தைப் பிழைக்கவைத்ததும் இதே சிரிப்புதான்!

இடைவேளையில் ஓடிப்போய்த் தேடினார். சிரித்தது, அந்தக் காலத்திலிருந்தே இதே அரங்கத்தில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் மேபல்! அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"என் பிழைப்பே நீங்க போட்ட பிச்சை, மேபல். அந்த வசனம் அவ்வளவு பிடிச்சுதா?"

"வசனத்தை யாரு கேட்டா? இருட்டுல நீங்க அழுதுகிட்டு நின்னீங்க, அதான் சிரிச்சு வெச்சேன். அன்னிக்கும் அப்படித்தான் சார்."