ஒருத்திக்கு ஒரு முழு வான்கோழி

“அழாதே கண்ணு. நல்ல நாள் அதுவுமா புருஷன் பக்கத்துல இல்லன்னா யாருக்குத்தான் மனசு தாங்கும்?” என்று ஷெல்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார் மிஸஸ் ஹாலவே.

ஷெல்பி அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷனும் பக்கத்தில்தான் இருந்தான். நாலடி தள்ளி, ஸ்டோர் ரூமுக்குள், மாவு டப்பாவின் மேல், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தான்.

தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் அன்று அதிகாரிகளும் சார்ஜென்ட்டுகளும் முழுச் சீருடையில், மெடல் குத்திக்கொண்டு, மெஸ்ஸில் வரிசையாக நின்று இளம் சிப்பாய்களுக்கு வான்கோழி பரிமாற வேண்டும். அது அமெரிக்கப் படையின் பெருமைமிகு வழக்கம். பரிமாறி முடித்து வீடு திரும்பும்போது வீட்டு வான்கோழி ஆறியிருக்கும், மனைவி கொதித்துக்கொண்டிருப்பாள்.

கடந்த மூன்று தேங்க்ஸ்கிவிங்கைக் குவைத் மணலில் கழித்த சார்ஜென்ட் டுவேன், இந்த ஒரு வருஷம் சொந்த மேஜையில் சூடாகச் சாப்பிட ஆசைப்பட்டான். ஒஹாயோவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி லீவு போட்டான். மாட்டினால், கிறிஸ்துமஸுக்குள் வரவேண்டிய பதவி உயர்வு வராது. கையில் இருக்கும் பட்டையும் போய்விடும்.

மாட்டிவைக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். படைக்குக் கட்டளையிடுபவர் கர்னல் ஹாலவே. குவார்ட்டர்ஸுக்குக் கட்டளையிடுபவர் அவருடைய மனைவி. கர்னல் ஏதோ அவசரக் கூட்டம் என்று வாஷிங்டன் போய்விட்டதால், அம்மையார் தனியாக இருக்கும் மனைவிமாரைத் தேடிப் போய், கவலையே இல்லாமல் விருந்து வைப்பது எப்படி என்று யோசனை சொல்லிவருகிறார். அதிலிருந்துதான் எல்லாருக்கும் கவலை.

“முதல் யோசனை, அளவா சமைக்கணும். நீ ஒருத்தி சாப்பிட எதுக்கு ஒரு முழு வான்கோழி? என்னைப் பாரு. அவர் கிளம்புறார்னு தெரிஞ்சதும் நான் கடைப் பக்கமே போகல.”

“மிச்சத்தை சாண்ட்விச் போட்டுக்குவேன் மேடம்.”

“எப்ப வரைக்கும்? ஈஸ்டர் வரைக்குமா?”

அம்மையாரின் பார்வை மேஜைக்குப் போனது. அங்கே இரண்டு தட்டுகள்.

“அது... வரமுடியாதவங்களுக்கும் ஒரு தட்டு வைக்கறது நம்ம பட்டாளத்து வழக்கமாச்சே மேடம். அவர் ஞாபகமா வெச்சேன்.”

“ஞாபகம் பாதி உருளைக்கிழங்கைத் தின்னிருக்கே?”

“அவர் நல்லா சாப்பிடுவார் மேடம்” என்றாள் ஷெல்பி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, அவர்கள் வீட்டு நாய் பிஸ்கட் ஸ்டோர் ரூம் கதவைப் பிறாண்டி வாலை ஆட்டியது. எஜமான விசுவாசத்துக்கு நேரம் காலம் கிடையாது. மிஸஸ் ஹாலவே மூன்று முறை அடுக்குத் தும்மல் போட்டார்.

“முதல்ல அதை வெளிய விடு கண்ணு! நாய் முடி காத்துல பறந்தாலே எனக்கு மூச்சு முட்டும்.”

ஷெல்பி நாயைப் பின்வாசலில் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள், அம்மையார் ஸ்டோர் ரூமை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

“ரெண்டாவது யோசனை, உதவின்னு யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லக்கூடாது. கிரான்பெரி டின் உள்ளதானே இருக்கு? எங்க வீடும் இதே அச்சுதான். கண்ணைக் கட்டி விட்டாக்கூட எடுத்துட்டு வந்துடுவேன்.”

ஷெல்பி பாய்ந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். “வேண்டாம் மேடம்! உள்ள எலி.”

“குவார்ட்டர்ஸ்ல எலியா? என் குவார்ட்டர்ஸ்லயா?” மிஸஸ் ஹாலவே போனை எடுத்தார். “லீவு நாளாவது ஒண்ணாவது, என் பேரைச் சொன்னா பொறியோட ஓடி வருவானுங்க. ஒரு நிமிஷம் இரு.”

ஷெல்பியின் கண்ணில் இப்போது நிஜமாகவே நீர் முட்டியது. கதவு முதுகில் இருந்தது, கர்னலின் மனைவி முகத்துக்கு நேரே இருந்தார், நடுவில் ஒரு பதவி உயர்வு நசுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே டின் ஒன்று உருண்டு விழுந்தது. தொடர்ந்து, கால் விரலில் டின் விழுந்த ஒரு எலி பல்லைக் கடித்துக்கொண்டு, “ஸ்ஸ்... ஆ!” என்றது.

மிஸஸ் ஹாலவே கதவைப் பார்த்தார். ஷெல்பியைப் பார்த்தார். பிறகு, டயல் செய்யாமலே போனைக் கைப்பைக்குள் போட்டார்.

“நல்லா வளர்ந்த எலிதான்” என்றார்.

போட்ட கையாலேயே பையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து விரித்தார். “வான்கோழில ஒரு கால் எடுத்துக்கறேன் கண்ணு. வீட்ல நாய்க்கு.”

“ரெண்டையும் எடுத்துக்குங்க மேடம்!” அந்த நிமிஷம் கேட்டிருந்தால் ஷெல்பி ஓவனையே கழற்றிக் கொடுத்திருப்பாள். அம்மையார் இரண்டு கால், வான்கோழி வயிற்றில் அடைத்திருந்த ஸ்டஃபிங் ஒரு கை, நாய் கேட்கும் என்று கொஞ்சம் உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் பக்குவமாகப் பொட்டலம் கட்டினார்.

வாசற்படியில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பினார்.

“கடைசி யோசனை” என்றார் மெல்லிய குரலில். “ஸ்டோர் ரூம்ல கீழ் ஷெல்ஃபைக் கழட்டிட்டா காலை நல்லா நீட்டிக்கலாம்னு டுவேன்கிட்ட சொல்லு. எங்க வீட்ல கர்னல் காலையிலேர்ந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கார்.”