டியூப்லைட்டுக்கு ஓய்வு இல்லை

"நீ வந்த அன்னிக்கே எனக்கு ஓய்வுன்னு நினைச்சேன்" என்றது சுவரில் இருந்த பழைய டியூப்லைட். "இன்னும் மொத்த வேலையும் என் தலையிலதான்."

"நான் என்ன பண்ண?" என்று எரிந்து விழுந்தது கூரையில் பதித்திருந்த எல்இடி ஸ்பாட்லைட். "விலையும் மலிவா இருக்கணும், கரண்டும் கம்மியா இழுக்கணும்னு நம்ம முதலாளி இருதயராஜ் கடை கடையா ஏறி இறங்கித்தான் என்னை வாங்கினாரு. மாட்டினதோட சரி. யாராவது என் சுவிட்சைத் தொட்டா அவங்களுக்குத் திட்டு விழுது. கேரண்டியே முடியப் போகுது."

அன்று மாலை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். இருதயராஜ் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஸ்பாட்லைட்டைப் போட்டார். டியூப்லைட் நிம்மதியாகக் கண்ணை மூடியது.

"நல்லா இருக்கே சம்பந்தி. கரண்டு நிறைய இழுக்குமோ?" என்று கேட்டார் வந்தவர்.

"இழுக்கவே இழுக்காது. அந்த டியூப்லைட் திங்கிறதுல பாதிகூட ஆகாது" என்றார் இருதயராஜ் பெருமையாக. "பார்த்துட்டீங்கல்ல?"

"பார்த்தாச்சு."

"அப்புறம் எதுக்கு வீணா எரியணும்" என்று ஸ்பாட்லைட்டை அணைத்துவிட்டு டியூப்லைட்டைப் போட்டார்.

அது உடனே எரியவில்லை. வெகுநேரம் மினுக்கிக்கொண்டே இருந்தது. அப்போது அது திட்டிய திட்டு ஸ்பாட்லைட்டுக்கு மட்டும்தான் கேட்டது.