மயிலுக்குக் கால்

கடலுக்கும் எனக்கும் நடுவில் நாற்பது அடி மணல்தான் பாக்கி. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன்.

"டேய் ஆதி, அரக்கு" என்றான் சுந்தரம்.

அவ்வளவுதான். அன்றைய கடல் எனக்கு முடிந்துபோனது.

பஜ்ஜிக் கடைப் பக்கம் ஒரு அம்மாள் அரக்கு நிறப் பட்டுப்புடவையில் போய்க்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயதுக் கலியாணசுந்தரம் மணலில் அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். ரேஷன் கடைக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்பான்.

இரண்டு வருஷமாக, ஞாயிறு தவறாமல், காஞ்சிபுரத்தில் ரயிலேறிச் சென்னைக்கு வருகிறோம். ஊர் சுற்றிப் பார்க்கத்தான். இதுவரை நான் பார்த்தது இவன் முதுகை மட்டும்.

பாம்புப் பண்ணைக்குப் போனோம். பாம்புகள் எங்களைப் பார்த்திருக்கும், நாங்கள் பார்க்கவில்லை. பெரிய மாலில் நகரும் படிக்கட்டில் நான் மேலே போய்ச் சேர்ந்தபோது, இவன் ஒரு புடவைக்குப் பின்னால் கீழே இறங்கிக்கொண்டிருந்தான்.

பட்டு நடமாடும் இடம் என்று முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களுக்குள் வேறு நுழைந்தோம். எண்பத்தொரு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றில் பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று மேடையேற்றி, தாலித் தட்டைத் தொட்டு ஆசீர்வதிக்கச் சொன்னார்கள். செய்தேன். அவர்களுக்கு இப்போது இரட்டைக் குழந்தை. இரண்டில் ஒன்றுக்கு என் மூக்கு.

எல்லாம் ஒரு மயிலால் வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சுந்தரம் ஒரு அரக்குப் புடவை நெய்தான். உடம்பு முழுக்க மயில். ஒவ்வொரு மயிலுக்கும் தனித்தனியாக ஜரிகை ஓட்ட வேண்டும். நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாமல் ஏரி முதலை என் குடையை இரவல் வாங்கிப்போய் மழைக்காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்த சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் ஒரு மயிலுக்குக் கால் போட மறந்துவிட்டான்.

முதலை சமாசாரம் உண்மை. குடை இன்னும் இருக்கிறது.

புடவையைக் கடையில் கொடுத்த மூன்றாம் நாள், சாப்பாட்டில் கை வைத்தவனுக்கு அந்தக் கால் ஞாபகம் வந்தது. எச்சில் கையோடு ஓடிவந்தான். அந்தக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை எனக்கு. மெட்ராஸ் பார்ட்டி ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றேன். நல்லவேளை முதலாளி கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் அடுத்த புடவை நெய்யப் பாவு நூல் உனக்குக் கிடைத்திருக்காது என்றும் சொன்னேன்.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெண்டாட்டி செத்தபின் ஆறு மாசம் வாசற்படி இறங்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தவன், ஒருநாள் வாயைத் திறந்து அந்த மயிலைக் கேட்டான். சாவதற்குள் அதற்குக் கால் போட்டுவிட வேண்டுமாம்.

சென்னையில்தானே இருக்குது, தேடிப் பார்த்தால் போச்சு என்று நான் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவன் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் ஊசி, ஒரு முழம் ஜரிகை.

மணலில் அந்த அம்மாள் நின்றுவிட்டாள்.

"இன்னா தாத்தா வேணும் உங்களுக்கு?"

சுந்தரம் கை கூப்பி, உங்கள் மயில்களின் காலைப் பார்க்க வேண்டும் என்றான். போலீஸைத்தான் கூப்பிடப்போகிறாள் என்று நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். அவளோ சிரித்துக்கொண்டே மெல்லச் சுற்றி நின்று காட்டினாள். இவன் மணலில் குந்தி ஒவ்வொன்றாக எண்ணினான். சுண்டல்காரர் ஒருவர் தூக்கை இறக்கி வைத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து எண்ணினார்.

என் முதுகுக்குப் பின்னால் கடல் வீணாகிக்கொண்டிருந்தது.

சுந்தரம் எழுந்து வந்தான். "எல்லாத்துக்கும் கால் இருக்குதுடா" என்றான், எழவுச் சேதி சொல்வதுபோல. தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வாலாஜாபாத் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அங்கே அவன் சமோசா வாங்கி நீட்டினான். எனக்கு ஒன்று, அவனுக்கு மூன்று. அடுத்த வாரம் மயிலாப்பூர் பக்கம் போகலாம், அங்கே தினமும் பட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வாய் நிறையச் சமோசாவோடு திட்டம் போட்டான். வெயிலில் சுற்றி முகம் நன்றாகக் கறுத்திருந்தது.

கோபமாகத்தான் சரி என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் பெண்டாட்டி வடிவாம்பாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்காவது சொன்னீங்களா?"

முதலில் கடலில் கால் நனைக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அவள் தலையிலடித்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள். அன்று முதலாளி பார்ப்பதற்குள் நானே விலைக்கு எடுத்துவந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த அரக்குப் புடவையை எடுத்து உதறி, ஜரிகை ஒடியாமலிருக்க மடிப்பை மாற்றி மடித்தாள்.

காலில்லாத மயில். அது எங்கே போகும்?