குறுக்குக் கட்டை

சுத்தியல் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

"கையைப் பாத்து அடிங்க. அந்தக் கை நாளைக்கும் வேணும்" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்று பலகை அடித்துக்கொண்டிருந்தவர் லாரி மாமா. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வருகிறவர். தச்சு வேலைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும், இருட்டுவதற்குள் புயல் கரையைத் தொடும் என்று ரேடியோவில் சொன்னதும், கூப்பிடாமலேயே பலகைகளோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

போன மாதம் எங்கள் டிரம்மில் தண்ணீர் விட்டுக்கொண்டே அவர் அம்மாவிடம் கேட்டார்: "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அப்பா இறந்தபோது நான் நடக்கக்கூடப் பழகவில்லை. அதற்குப் பிறகு யாரும் அம்மாவிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் டிரம் வழிந்து, வாசல் நிறைந்து, பக்கத்து வீட்டுக்காரியின் செருப்பு தெருவுக்கு மிதந்து போய்விட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அம்மா.

யோசித்தாள். சொல்லத்தான் இல்லை.

இன்று பலகைகளை இறக்கும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "புயல் முடிஞ்சதும் வேற ஊர் லைனுக்கு வரச் சொல்றாங்க பாப்பா. மாட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

நான் அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் சேர்த்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே துணி தைக்கிறவள். ஆனால் நூல் உள்ளே போகவே மாட்டேன் என்றது.

அதற்கப்புறம் வேலை தலைக்கு மேல் வந்துவிட்டது. குடம், வாளி, டம்ளர் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தோம். துணிமணிகளைப் பரணில் ஏற்றினோம். தையல் மெஷினுக்கு என் மழைக்கோட்டை மாட்டிப் பொத்தானும் போட்டோம். பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிற குண்டுப் பிள்ளை மாதிரி அது நின்றது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஒரு ஆணி வளைந்தது.

காற்று ஏறியது. தெருவில் யாருடைய வாளியோ தனியாக உருண்டு போனது. லாரி மாமா வாசற்படிக்கு வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற மரக்கட்டையைக் காட்டினார்.

"நான் போனதும் இந்தக் கட்டையை ரெண்டு கொக்கியிலயும் குறுக்கப் போட்டுடுங்க, டைலரம்மா. காத்து இந்தப் பக்கம்தான் அடிக்கும். நான் லாரி ஷெட்ல இருப்பேன். கான்கிரீட் கூரை, பயமில்ல. எல்லாம் அடங்கினதும் வந்து பலகையைக் கழட்டிட்டு... கிளம்பறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கட்டையைப் பார்த்தாள்.

போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். ஒரு சாண் உயர்த்தினாள். மூச்சு வாங்கினாள். கீழே வைத்துவிட்டாள்.

"அப்பப்பா, என்ன கனம்! என்னால ஆகாதுங்க. நீங்களே உள்ள வந்து போட்டுடுங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயை வீணாக்காமல் ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். கட்டையைத் தூக்கிக் கொக்கிகளில் உட்கார வைத்து, தட்டிப் பார்த்து, கையை உதறிக்கொண்டார்.

"இனிமே யானையே வந்து முட்டினாலும் அசையாது."

பிறகு கதவைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார்.

"இப்ப நான் எப்படி வெளிய போறது?"

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை யாரு போகச் சொன்னா?"

லாரி மாமா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் பல்.

வெளியே புயல் வந்து கதவை ஒரு முறை உலுக்கிப் பார்த்தது.

நான் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தக் கட்டையைத் தினமும் ராத்திரி போடுகிறவள் அம்மாதான். நேற்றுகூட ஒற்றைக் கையால்தான் தூக்கிப் போட்டாள். இன்னொரு கையில் எனக்குக் கொண்டுவந்த பால் டம்ளர், விளிம்பு வரை.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.