வார்டில் விழுந்த திட்டு

“இந்த மழையில குடை இல்லாமலா பொகவந்தலாவையிலருந்து வந்தீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?” கட்டிலில் இருந்தபடி இந்திராணி கணவனிடம் கத்தினாள்.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற சிவஞானம் துள்ளினார். “இன்னும் திட்டு!”

பக்கத்துக் கட்டிலுக்கு அன்றுதான் வந்திருந்த பெண் முகம் சுளித்தாள். “புருஷன இப்படியா திட்டுறது?”

“தடுக்காதீங்கம்மா!” அவர் மகளுக்குப் போன் போட்டார். “அம்மா திட்டுறா, கேளு!”

மகள் ஓவென்று அழுதாள். “பதினெட்டு நாளைக்கு அப்புறம் அம்மா குரலு!”

டாக்டர் ஓடி வந்தார். “மூளையில இருக்கிற கட்டி, ரத்தக் குழாய்ச் சுவரைப் பழுதாக்கி நீர் கசிய வச்சிருச்சு. அதனால வந்த வீக்கந்தான் பேச்சை அடைச்சது. மருந்துல அது வடிஞ்சிருக்கு. கட்டி இன்னும் இருக்கு. ஆபரேஷன் செய்யணும்.”

சிவஞானம் வாய் திறக்குமுன், இந்திராணியே சம்மதம் சொன்னாள்: “எடுத்துருங்க டாக்டர்.”