ஒரே தொடலில் உள்ளே

தூங்குகிற புருஷனின் கட்டைவிரலைத் தூக்குவது செல்லக்கிளிக்கு ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வந்து விழுந்த மதிவாணன், மைன்ஸில் வைக்கிற வெடியைக் காதோரம் வைத்தாலும் புரண்டு படுக்க மாட்டான். விரலைக் கொண்டுபோய் போனில் அழுத்தினாள். பூட்டு திறந்துகொண்டது.

எல்லாம் அந்த ஒரு மெசேஜால் வந்த வினை. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், போன் 'டிங்'கென்றதும் எட்டிப் பார்த்திருந்தாள். 'மறுபடி வாங்க! ஒரே தொடலில் உள்ளே வாங்க!' என்று சீட்டுக்கட்டுப் படத்தோடு அழைப்பு.

காலண்டரும் கேஸ் புக்கிங்கும் இருக்கிற கட்டத்துக்குள் பதுங்கியிருந்தது அந்த ரம்மி ஆப். மறுபடி அவன் விரலை வைத்தாள். பேர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது.

இரண்டு மாசமாக ஆடிய ஆட்டமெல்லாம் தேதியோடு வரிசையாக நின்றது. நைட் ஷிஃப்ட் வாரமானால் ஒரு நாளும் தப்பவில்லை. எல்லாமே பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்.

அடப் பாவி மனுஷா! பதினோரு மணி என்றால், மகள் வெண்மதிக்குச் சோறு எடுத்துக்கொண்டு செல்லக்கிளி பள்ளிக்கூடம் போகிற நேரமாச்சே. அவள் தலை மறைகிற வரைக்கும் குறட்டை, மறைந்ததும் சீட்டா?

இரண்டு வளையலும் கம்மலும் இந்த ரம்மிக்குப் போய், தாலிக்கொடியிலும் கை வைத்த பிறகுதான் ஆறு மாசத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் அய்யனார் குள்ளஞ்சாவடியிலிருந்து வந்து நியாயம் கேட்டான். நடுக்கூடத்தில் தட்டை வைத்து, அதில் கற்பூரத்தை ஏற்றினான். "அடிச்சு சத்தியம் பண்ணுங்க மாப்ள. இனிமே தொட்டீங்கன்னா என் தங்கச்சி இந்த வூட்ல இருக்க மாட்டா" என்றான்.

மதிவாணன் எரிகிற கற்பூரத்தை வெறும் கையாலேயே அடித்து அணைத்தான். உள்ளங்கைக் கொப்புளம் ஆற பத்து நாள் ஆனது. தினமும் அவள்தான் மருந்து தடவிவிட்டாள்.

இப்போது அதே கையைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். "அந்தக் கொப்புளங்கூட வேஷமாங்க? நான் ஒரு கேனச்சி, உக்காந்து ஊதி ஊதி மருந்து போட்டேனே!"

"நான் தொடல கிளி. பாப்பா மேல ஆணையா தொடல."

"பாப்பாவ இழுக்காதீங்க. அதுல உங்க பேருதான் இருக்குது, உங்க விரலுக்குத்தான் தொறக்குது!"

சத்தம் கேட்டு வாசலிலிருந்து அய்யனார் உள்ளே வந்தான். காண்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு, இரண்டு மாசமாக இங்கேதான் தங்கியிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவளைவிட அவனுக்குத்தான் ஆத்திரம் அதிகம்.

"காவலாட்டம் நான் வாசல்ல பேப்பர் படிச்சுகினு கெடக்கறேன், உள்ள போர்வைக்குள்ள இந்த வேலயா நடக்குது? எனக்கு இந்த டச் போனப் பத்தி என்னா தெரியும்!" என்று குதித்தான். "கிளி, பையக் கட்டு. நாளைக்கே ஊருக்குப் போவலாம்."

மதிவாணன் போனை டிவி மேல் போட்டான். "நீயே நம்பலன்னா அப்புறம் யாருக்கு நான் சத்தியம் பண்றது?" என்றான். அன்று ராத்திரி சாப்பிடாமலே ஷிஃப்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் வந்தவன், கூடத்தில் இருந்த இரண்டு பைகளையும் பார்த்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பத்து வருஷக் குடித்தனம் இரண்டு பைக்குள் அடங்கிவிட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஏமாந்தது ஏமாந்ததுதான்.

"நீ போய்ப் பாப்பாவ இட்டுகினு வா. மாப்ளய நான் பாத்துக்கறேன்" என்றான் அய்யனார். மணி பதினொன்று.

பாதி வழியில்தான், டீச்சருக்கு எழுதிய லீவ் லெட்டரை அடுப்படியிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடி வந்தாள். முன்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

குடும்பமே போகப்போகிற நாளிலும் சீட்டா? இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பின்பக்கமாகச் சுற்றி, சத்தமில்லாமல் அடுப்படி வழியாக உள்ளே நுழைந்தாள்.

மதிவாணன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை மட்டும் அந்தரத்தில் இருந்தது. கட்டில் பக்கம் குந்தியிருந்த அய்யனார், அந்தக் கட்டைவிரலைப் பிடித்து போனில் பதமாக அழுத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே..." என்றாள். "நீதானண்ணே அன்னிக்குக் கற்பூரம் ஏத்துன?"

அய்யனார் மாப்பிள்ளையின் கையை மெத்தை மேல் மெதுவாக இறக்கி வைத்தான்.

"ஏத்துனது மட்டுந்தான் நான் கிளி. அடிச்சு சத்தியம் பண்ணது மாப்ளதானே?"